நெல்லுக்கு முன்பேரச் சந்தை வந்தால் ஊக வணிகத்தைச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும்?

வட்டைக்காரன், வெல்லாவெளி

அனைவருக்கும் வணக்கம். நெல்லுக்கு முன்பேரச் சந்தை (பின்னர் ஒப்படைக்கும் பொருளுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் சந்தை) ஒன்றை இலங்கையில் தொடங்குமாறு அரசாங்கத்தைக் கேட்டுத் தீர்மானம் அனுப்பலாமா என்ற பேச்சு எங்கள் கமக்காரர் அமைப்பில் எழுந்திருக்கிறது. செயலாளர் என்ற முறையில் அதை எழுதவேண்டிய பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால், சட்டம் தெரிந்தவர்களிடமும் வணிகம் தெரிந்தவர்களிடமும் முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ள விரும்புகிறேன்.

பின்னணி மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்குப் புதிதல்ல. பெரும்போக வெட்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் எல்லா வட்டைகளிலும் (வயல்வெளிகளிலும்) ஒன்றாக வந்து விழுகிறது. வெட்டு இயந்திரம் வயலை விட்டு ஏறுவதற்குள் தரகர் வந்து நிற்பார். ஒரு நெல்மணியைப் பல்லால் கடித்துப் பார்த்து, ஈரம் கூடுதல் என்பார். அந்த ஒரு கடியிலேயே விலை இறங்கிவிடும். காயவைக்கத் தளமில்லாமல், உரக்கடைக் கடனுக்குத் தவணையும் வந்துவிட்ட நிலையில் இருப்பவர் பச்சை நெல்லை அப்படியே லொறியில் ஏற்றிவிடுவார். 2025 பெப்ரவரியில் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாய் என்று அரசாங்கம் உத்தரவாத விலை அறிவித்தது. எங்கள் பக்கத்தில் வெட்டுத் தொடங்கிய பின்னரே அந்த அறிவிப்பு வந்தது. அதுவும் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேற்படாத நெல்லுக்குத்தான்.

விதைக்கும்போதே அறுவடைக்கால விலையை ஒப்பந்தத்தில் கட்டிவைத்துக்கொள்ள முடியுமானால் இந்த அவதி குறையும் என்பது எங்கள் இளைஞர்களின் வாதம். போடியார் (பெரிய வயற்சொந்தக்காரர்) குடும்பத்துப் பெரியவர் ஒருவரோ, ஒரு மணி நெல்லையும் கண்ணால் காணாதவன் கொழும்பில் உட்கார்ந்துகொண்டு நம்முடைய நெல்லை நூறு முறை வாங்கி விற்பதற்குப் பெயர் சூது, அதற்கு நாமே கையெழுத்து வைத்துக் கொடுக்கக்கூடாது என்று எழுந்து நின்றுவிட்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

என் கேள்விகள் மூன்று. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நம்முடைய நீதிமன்றம் சூதாகக் கருதுமா? ஊக வணிகத்தை, அதாவது விலை ஏறி இறங்குவதில் இலாபம் தேடி வாங்கி விற்பதை, மட்டுப்படுத்துவது பற்றி மற்ற நாடுகளில் நடந்த சட்ட விவாதம் எங்கே போய் முடிந்திருக்கிறது? தீர்மானம் எழுதுவதானால் எந்த நிபந்தனைகளை விட்டுக்கொடுக்காமல் கேட்கவேண்டும்?


கறுப்புக்கோட்டு, மட்டக்களப்பு நகர்

வணக்கம் செயலாளர் அவர்களே. முதற் கேள்விக்கு விடை ஓரளவு நேரானது. இன்னும் விளையாத பொருளை விற்க உடன்படுவது நம்முடைய சட்டத்துக்கு அந்நியமானதல்ல. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் எதிர்காலப் பொருட்களை வெளிப்படையாகவே ஏற்று, அவற்றுக்கான ஒப்பந்தத்தை விற்பதற்கான உடன்படிக்கை என்று வகைப்படுத்துகிறது. மத்திய வங்கியும் 1990களின் இறுதியில் விவசாய விளைபொருட்களுக்கு முற்கூட்டிய விற்பனை ஒப்பந்த முறையை ஊக்குவித்தது. சிக்கல் எழுவது, பொருளை ஒப்படைக்கும் எண்ணமே இருதரப்பாருக்கும் இல்லாமல், விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்கிக் கணக்கை முடித்துக்கொள்ளும் இடத்தில்தான். உரோம-டச்சுச் சட்டத்தில் பந்தயக் கடனை வழக்கிட்டு அறவிட முடியாது. ஆகவே முன்பேரச் சந்தைக்கென இயற்றப்படும் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் செய்யப்படும் ஒப்பந்தம் பந்தயமாகாது என்று ஒரு வாசகத்தைச் சேர்த்தே ஆகவேண்டும். அது இல்லாவிட்டால், தோற்றவர் ஒவ்வொருவரும் சூது என்று சொல்லிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வருவார்.

உங்கள் பெரியவர் எழுப்பிய ஆட்சேபம் ஐக்கிய அமெரிக்காவில் நூறாண்டுகளுக்கு முன்னரே உச்ச நீதிமன்றம் வரை போனது. சிக்காகோ வணிகச் சபையில் நடந்த ஒப்பந்தங்களில் மிகப் பெரும்பாலானவை பொருள் ஒப்படைக்கப்படாமலே முடிந்ததால், அவை சூதே என்று வாதிடப்பட்டது. 1905 இல் தீர்ப்பெழுதிய நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதை ஏற்கவில்லை. திறமையுள்ளவர்கள் செய்யும் ஊக வணிகம், வரக்கூடியதை முன்னுணர்ந்து சமூகம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வழி என்றும், பஞ்ச காலத்துக்கு ஏற்பாடு செய்யவும் விலைகளைச் சமப்படுத்தவும் அது உதவும் என்றும் அவர் கருதினார். திறமையில்லாதவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்து அழிந்துபோவதும் உண்டு என்பதை அவர் அதே தீர்ப்பில் மறைக்கவில்லை. மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

சூது அல்ல என்று முடிவானதும் விவாதம், அளவுக்கு மிஞ்சினால் என்ன செய்வது என்ற இடத்துக்கு நகர்ந்தது. 1921 இல் வரிவிதிப்பு அதிகாரத்தைக் கொண்டு தானியச் சந்தையைக் கட்டுப்படுத்த இயற்றப்பட்ட சட்டத்தை 1922 இல் நீதிமன்றம் தள்ளியது. அதே ஆண்டில் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தின் மீதான அதிகாரத்தைக் கொண்டு திருத்தி எழுதிய சட்டத்தை 1923 இல் ஏற்றுக்கொண்டது. நோக்கம் ஒன்றுதான், அதிகாரத்தின் ஊற்றுக்கண்தான் மாறியது. 1936 ஆம் ஆண்டின் பண்டச் சந்தைச் சட்டம், அளவுக்கு மீறிய ஊக வணிகத்தால் விலை திடீரென்றும் நியாயமின்றியும் ஏறி இறங்குவது வணிகத்தின் மீது சுமத்தப்படும் தேவையற்ற பாரம் என்று அறிவித்து, ஒருவர் எத்தனை ஒப்பந்தங்களைக் கைவசம் வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு விதிக்க வழிசெய்தது. ஆனால் எந்த அளவைத் தாண்டினால் அது அளவுக்கு மீறியது என்பதற்கு அந்தச் சட்டத்தில் வரைவிலக்கணம் கிடையாது.

அந்தக் குறையின் விளைவு பின்னர் தெரிந்தது. 2008 விலையேற்றத்துக்கும் நிதி நெருக்கடிக்கும் பின்னர், 2010 இல் டொட்-பிராங்க் என்ற நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டம் உச்சவரம்பை எண்ணெய், உலோகம் முதலியவற்றுக்கும் விரிவாக்க வழிசெய்தது. அதன்படி 2011 இல், அங்கே இச்சந்தைகளைக் கண்காணிக்கும் பண்ட முன்பேர வணிக ஆணைக்குழு விதி செய்தது. நிதி நிறுவனங்களின் சங்கங்கள் வழக்கிட்டன. வரம்பு விதிக்குமாறு சட்டமன்றம் கட்டளையிட்டுவிட்டது, ஆகவே தேவையா இல்லையா என்று நாங்கள் தனியாக ஆராயவேண்டியதில்லை என்பது ஆணைக்குழுவின் நிலைப்பாடு. சட்டவாசகம் அவ்வளவு தெளிவாக இல்லை, தேவை உண்டா என்பதை ஆணைக்குழுவே ஆராயாமல் விட்டது சரியல்ல என்று சொல்லி, 2012 செப்டெம்பரில் வொஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் விதியை இரத்துச் செய்தது. புதிய விதி நிறைவேற 2020 ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 25 பண்டங்களைப் பெயர்குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஏன் வரம்பு தேவை என்று காரணம் சொல்லி, மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அது நிறைவேறியது.

தீர்மானம் எழுதுபவர் இதில் கவனிக்கவேண்டியது, கட்டுப்பாடு வேண்டுமா என்பதைக் காட்டிலும், கேடு வருமுன் அதை நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதையே என்று நினைக்கிறேன். அந்தப் பாரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் மீது சட்டம் சுமத்தினால், ஒவ்வொரு வரம்பும் பல ஆண்டு வழக்காக மாறும்.


ஆலைக்கணக்கர், சம்மாந்துறை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சட்டத்தரணி அண்ணன் எழுதியது நல்ல வரலாறு. ஆனால் நெல் ஆலையில் கணக்கெழுதிக்கொண்டு இதைப் பார்ப்பவனுக்கு வேறொரு பக்கம் முதலில் தெரிகிறது. மாசி மாதத்தில் நெல் விற்க வருபவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அதை ஆறு மாதத்துக்குப் பணம் முடக்கி வாங்கி வைக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். விலை இறங்குமோ என்று அஞ்சி முன்கூட்டியே விற்க விரும்பும் விவசாயிக்கு எதிர்ப்பக்கத்தில் வாங்குவதற்கு யார் இருப்பார்? ஆலை வாங்கும் என்று சொல்லலாம். ஆலைக்கு ஒரு அளவுக்கு மேல் தேவையில்லை. மிச்சத்தை வாங்க முன்வருபவர் இலாபத்துக்காக ஆபத்தைச் சுமக்கும் ஊக வணிகர்தான். அவரை வாசலிலேயே மறித்துவிட்டால் சந்தை இருக்கும், பேரம் இருக்காது.

அதேவேளை, காகிதத்தில் நடக்கும் ஊக வணிகமும் களஞ்சியத்தில் நடக்கும் பதுக்கலும் ஒன்றல்ல என்பதைத் தீர்மானத்தில் பிரித்து எழுதவேண்டும். பதுக்கலைத் தடுக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. ஆபத்து பெரிதாவது, இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்யும்போதுதான்.

1955 இல் சிக்காகோவில் வெங்காயத்துக்கு நடந்தது இதற்கு நல்ல சாட்சி. சாம் சீகல், வின்சென்ட் கொசூகா என்ற இருவர் சிக்காகோவிலிருந்த வெங்காயத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கைப்பற்றினார்கள். பின்னர் விலை இறங்கினால் இலாபம் வரும்படி முன்பேரத்தில் விற்றுவைத்துவிட்டு, கையிலிருந்த சரக்கைச் சந்தையில் கொட்டினார்கள். 1955 ஓகஸ்டில் 2.75 டொலராக இருந்த 50 இறாத்தல் மூட்டை, 1956 மார்ச்சில் 10 சதத்துக்கு விழுந்தது. வெங்காயத்தைவிட அதைக் கட்டிய சாக்கின் விலை கூடிவிட்டது. விவசாயிகளின் கோபம் சட்டமன்றத்துக்குப் போய், 1958 இல் வெங்காய முன்பேரமே அங்கே தடைசெய்யப்பட்டது. அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்து இந்தச் சட்டமூலத்தை முன்னெடுத்த ஜெரால்ட் போர்ட் பின்னாளில் சனாதிபதியானார். அந்தத் தடை இன்றும் நீங்கவில்லை. வெங்காயத்துக்குத் துணையாகப் பின்னர் தடைப்பட்டியலில் சேர்ந்தது, 2010 சட்டத்தின்படி, திரைப்பட வசூல் மீதான முன்பேரம். வெங்காயமும் சினிமாவும் ஒரே பிரிவில் நிற்பதைப் பார்த்தால் சட்டவாக்கம் கோபத்தில் எப்படி நடக்கிறது என்பது விளங்கும். தடைக்குப் பின் வெங்காய விலை அடங்கியதா என்று கேட்டால், ஆய்வாளர்கள் இன்றுவரை ஒரே விடை சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பேசும்போது இன்னொன்றையும் ஒதுக்க முடியாது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்காரர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் விளையுமுன் விற்பதற்கு ‘ஸலம்’ என்ற முறை உண்டு. பொருளின் அளவு, தரம், ஒப்படைக்கும் நாள் ஆகியவை தெளிவாக இருக்கவேண்டும், முழு விலையும் ஒப்பந்தத்தின்போதே கைமாறவேண்டும். முழு விலை கைமாறாமல், ஒரு பங்கை மட்டும் முன்பணமாகக் கட்டிவிட்டு கைக்குக் கை மாறும் முன்பேர ஒப்பந்தத்தை, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழுள்ள பிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) அக்கடமி 1992 இல் ஆகுமானதல்ல என்று தீர்மானித்தது. மலேசியாவின் ஷரீஆ ஆலோசனைச் சபை பாம் எண்ணெய் முன்பேரத்தை அனுமதித்திருக்கிறது. கருத்து வேறுபாடு இருக்கிறது. எதுவானாலும், பொருளை உண்மையாக ஒப்படைக்கும் வழியும், முழுப்பணம் முன்கட்டும் ஒப்பந்த வகையும் இல்லாத சந்தைக்கு எங்கள் பக்கத்திலிருந்து பாதிப்பேர் வரமாட்டார்கள். வெல்லாவெளி அமைப்பு தனியாகத் தீர்மானம் எழுதாமல், அம்பாறை மாவட்ட அமைப்புகளோடும் பேசிக்கொண்டு எழுதினால் நல்லது.


கல்லடிப்பாலம், வந்தாறுமூலை

நான் பொருளியல் மாணவி. இந்திய அனுபவம் நமக்கு அமெரிக்காவைவிட நெருக்கமானது என்பதால் அதைச் சேர்க்கிறேன்.

இந்தியாவில் 1952 ஆம் ஆண்டின் முன்பேர ஒப்பந்த ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் தனி ஆணைக்குழு ஒன்று இயங்கியது. பல பத்தாண்டுகள் பெரும்பாலான பண்டங்களுக்குத் தடை இருந்து, 2003 இல் அது பரவலாக நீக்கப்பட்டது. உணவு விலை ஏறியதும் 2007 தொடக்கத்தில் துவரை, உளுந்து, கோதுமை, அரிசி ஆகியவற்றின் முன்பேரம் நிறுத்தப்பட்டது. விலையேற்றத்துக்கு முன்பேரம்தான் காரணமா என்று ஆராய அபிஜித் சென் தலைமையில் குழு அமைக்கப்பட்டது; 2008 இல் அது கொடுத்த அறிக்கை, அப்படி உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்ற அளவில் நின்றது. தடை முதலில் வந்தது, ஆராய்ச்சி பின்னால் வந்தது. 2021 டிசம்பரிலும் பாசுமதி அல்லாத நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, பாம் எண்ணெய், பாசிப்பயறு ஆகிய ஏழுக்கும் ஓராண்டுக்கு நிறுத்தம் என்று அறிவித்து, பின்னர் அதை நீட்டித்தார்கள். இதற்குள் 2015 இல் பழைய ஆணைக்குழு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியோடு இணைக்கப்பட்டுவிட்டது. 2013 இல் ஒரு பெரிய உடனடிப் பண்டச் சந்தை, களஞ்சியங்களில் இருப்பதாகச் சொன்ன சரக்கு இல்லாமல் பணம் கொடுக்க முடியாது நின்ற விவகாரம் அந்த இணைப்புக்கு ஒரு தூண்டுதல்.

ஆலைக்கணக்கர் ஐயா சொன்னதிலிருந்து ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ஊக வணிகர் எல்லோரும் விவசாயிக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று ஆபத்தைச் சுமப்பவர்கள் அல்லர். 2008 மே மாதம் அமெரிக்க செனட் குழுவின் முன் மைக்கேல் மாஸ்டர்ஸ் என்ற நிதி முகாமையாளர் சொன்ன சாட்சியம் இதைப் பற்றியதே. ஓய்வூதிய நிதியங்கள் பண்ட விலைச் சுட்டெண்ணைப் பின்தொடர்ந்து, விலை என்னவென்று பாராமல் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. அவை விற்பதில்லை, ஒப்பந்தத்தை அடுத்த மாதத்துக்கு உருட்டிக்கொண்டு போகின்றன என்றார். ஸ்கொட் இர்வின், டுவைட் சாண்டர்ஸ் முதலிய விவசாயப் பொருளியலாளர்கள், தரவுகள் அந்தக் குற்றச்சாட்டைத் தாங்கவில்லை என்று மறுத்தார்கள். என் வாசிப்பில் மறுத்தவர்களின் புள்ளிவிபரம் வலுவானது. ஆனால் அவர்கள் பேசியது உலகிலேயே ஆழமான சந்தைகளைப் பற்றி. ஒரு மாகாணத்து நெல்லளவு கொண்ட சந்தையில் அதே பணம் வந்து விழுந்தால் அதே முடிவு வருமென்று எடுத்துக்கொள்ள இடமில்லை.

இந்தியாவிடமிருந்து தீர்மானத்துக்கு எடுக்கவேண்டியது ஒன்று: அரசாங்கம் ஒரு சுற்றறிக்கையால் சந்தையை ஒரே இரவில் மூடிவிடலாம் என்றிருந்தால், விலை ஏறும் காலத்தில் பாதுகாப்பு வாங்கிய விவசாயியின் கையிலிருப்பது வெறும் தாள்தான். நிறுத்தும் அதிகாரம் வேண்டும். ஆனால் காரணம் எழுத்தில் இருக்கவேண்டும், காலவரையறை இருக்கவேண்டும், ஏற்கனவே செய்த ஒப்பந்தங்கள் எந்த விலையில் முடிக்கப்படும் என்பது முன்கூட்டியே சட்டத்தில் இருக்கவேண்டும்.


வட்டைக்காரன், வெல்லாவெளி

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. விலைப் பாதுகாப்புக்காகச் (ஹெஜிங்) செய்பவருக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு, ஊகத்துக்காகச் செய்பவருக்கு இல்லை என்றால், ஒருவர் எதற்காகச் செய்கிறார் என்பதை எவர், எப்படி அறிவது? பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஹெஜிங் விவகாரத்திலும் இதே கேள்விதானே வந்தது? அன்று பத்திரிகையில் வாசித்தது. முடிவு என்னவானது என்று இங்கே யாரும் தெளிவாகச் சொன்னதில்லை.


கறுப்புக்கோட்டு, மட்டக்களப்பு நகர்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். சட்டப் பிரச்சினையின் நடுமையம் இதுதான், அதற்கு நம் நாட்டு வழக்கே சிறந்த பாடநூல்.

எண்ணெய் விலை ஏறினால் தாங்க முடியாது என்று அஞ்சிய இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 2007, 2008 காலத்தில் சில வங்கிகளுடன் ஒப்பந்தங்கள் செய்தது. டொய்ச் வங்கியுடன் செய்ததை மட்டும் பாருங்கள். 2008 யூலையில், பீப்பாய் விலை 147 டொலர் அளவில் உச்சத்தைத் தொட்ட அதே மாதத்தில் அது கையெழுத்தானது. விலை ஏறினால் வங்கி கொடுக்கவேண்டிய மொத்தத் தொகைக்கு 25 இலட்சம் டொலர் என்ற எல்லை இருந்தது. விலை இறங்கினால் கூட்டுத்தாபனம் கொடுக்கவேண்டியதற்கு எல்லை இல்லை. ஆண்டு முடிவதற்குள் விலை 40 டொலருக்கும் கீழே போனது.

2008 நவம்பரில் உயர் நீதிமன்றம் பணம் கொடுப்பதை இடைக்கால உத்தரவால் நிறுத்தியது. வங்கிகள் வெளிநாட்டு மன்றங்களுக்குப் போயின. அங்கே விடைகள் ஒன்றுபோல வரவில்லை. சிற்றிபாங்க் கொண்டுவந்த நடுத்தீர்ப்பு வழக்கில் 2011 இல் கூட்டுத்தாபனம் வென்றது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி இலண்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், இவை ஊக ஒப்பந்தங்கள், 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட எங்களுக்கு இவற்றைச் செய்யும் சட்ட அதிகாரமே இல்லை என்று கூட்டுத்தாபனம் வாதிட்டது. நீதிமன்றம் 2011 இல் அதை ஏற்க மறுத்து, 16 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்தத் தீர்ப்பளித்தது. 2012 இல் மேன்முறையீடும் தோற்றது. டொய்ச் வங்கி, இலங்கைக்கும் ஜேர்மனிக்கும் இடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தைக் கொண்டு சர்வதேச முதலீட்டுப் பிணக்குத் தீர்ப்பு மையத்துக்குப் போனது. 2012 ஒக்டோபரில் பெரும்பான்மைத் தீர்ப்பு ஏறக்குறைய 6 கோடி டொலரை அதற்குக் கொடுத்தது. ஹெஜிங் ஒப்பந்தமே ஒரு முதலீடு என்று கருதப்பட்டது, நம்முடைய உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவும் கண்டனத்துக்கு உள்ளானது.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு கொஞ்சம் கடுமையானது. எண்ணத்தை அளவுகோலாக வைத்து எழுதப்படும் சட்டம், நட்டம் வந்த பிறகுதான் பேசத் தொடங்கும். விலை ஏறியிருந்தால் அதே ஒப்பந்தத்தைப் பார்த்து எவரும் ஊகம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். ஆகவே அளவுகோல் எண்ணமாக இருக்கக்கூடாது, கண்ணுக்குத் தெரியும் ஒன்றாக இருக்கவேண்டும். உங்கள் வயலில் விளையக்கூடிய நெல் எவ்வளவோ, ஆலை ஒரு போகத்தில் குற்றக்கூடியது எவ்வளவோ, அந்த அளவுக்கு விலைக்காப்பு என்று ஏற்கலாம். அதற்கு மேற்பட்டது, மனதில் என்ன இருந்தாலும், ஊகக் கணக்கில் சேரட்டும், வரம்புக்குள் செய்துகொள்ளட்டும். கமநல சேவை நிலையத்துப் பதிவில் வயலின் விஸ்தீரணம் இருக்கிறது. விவசாயிக்கு வேறு சான்று தேவையில்லை.

தங்கை சொன்ன நிறுத்தும் அதிகாரத்துக்கு ஒரு துணைக்குறிப்பு. 2022 மார்ச் 8 அன்று இலண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் விலை தொன்னுக்கு ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியபோது, சந்தை நிருவாகம் அன்றைய வணிகத்தையே இரத்துச் செய்தது. இலாபத்தை இழந்த நிறுவனங்கள் வழக்கிட்டன; 2023 இலும், மேன்முறையீட்டில் 2024 இலும் தோற்றன. சந்தை விதிகளில் அந்த அதிகாரம் எழுத்தில் இருந்ததே காரணம்.


ஆலைக்கணக்கர், சம்மாந்துறை

வயலளவை வைத்து வரம்பு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆலையின் குற்றும் திறனை வைத்து வரம்பு என்பதைத்தான் ஏற்கத் தயங்குகிறேன். அப்படி எழுதினால் பெரிய ஆலைக்குப் பெரிய விலக்கு கிடைக்கும். நெல் வணிகத்தில் பயப்படவேண்டியவர் வெளியிலிருந்து வரும் சூதாடியல்லர். களஞ்சியத்தையும் ஒப்பந்தத்தையும் ஒருசேர வைத்திருக்கும் பெரிய ஆலைதான். சீகலும் கொசூகாவும் வெங்காய வணிகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். அமெரிக்க விதியில் ஒப்படைப்பு மாதத்துக்கான வரம்பு, ஒப்படைக்கக்கூடிய சரக்கின் 25 சதவீதம் என்பதை அடிப்படையாகக் கொண்டது. நம் நாட்டில் எந்தக் களஞ்சியத்தில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்பது போகத்துக்குப் போகம் வாய்ப்பேச்சாகவே கிடக்கும்போது, எதன் 25 சதவீதம் என்று கணக்கிடுவது? ஆலைக்காரன் கணக்கை எழுதுபவனே கேட்கிறேன்: இருப்பை வாராவாரம் அறிவிப்பது கட்டாயம், அறிவிக்காதவருக்கு விலக்கு இல்லை என்று எழுதுங்கள்.

இன்னொன்று, வர்த்தமானி (அரசிதழ்) மூலம் விதிக்கப்படும் விலை. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு உச்ச சில்லறை விலை கிலோவுக்கு 230 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. 2021 இல் அவசரகால விதிகள் வந்த வேளையில் விலைக் கட்டுப்பாடும் வந்து, ஒரு மாதத்துக்குள் அரிசிக்கு நீக்கப்பட்டது. அரிசிக்கு இப்படி உச்சவிலை வந்தால் நெல்லின் விலைக்கும் தானாகவே ஒரு கூரை விழுகிறது. அப்போது முன்பேரத்தில் நெல் விலையைவிட, அடுத்த வர்த்தமானி எப்போது வரும் என்பதே ஊகப்பொருளாகும். அதை முன்கூட்டி அறிந்தவர் கொழுத்துவிடுவார். அரச அறிவிப்பை முன்னறிந்து வணிகம் செய்வது குற்றம் என்ற பிரிவு இல்லாமல் இந்தச் சந்தை தொடங்கவே கூடாது.


வட்டைக்காரன், வெல்லாவெளி

எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இன்றிரவு ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் வைக்குமுன் உங்கள் பார்வைக்கு:

“நெல்லுக்கான முன்பேரச் சந்தை தனிச் சட்டம் ஒன்றின் கீழ் மாத்திரமே தொடங்கப்படல் வேண்டும். ஒப்பந்தம் ஒவ்வொன்றும் நெல்லை உண்மையாக ஒப்படைத்து முடிக்கக்கூடியதாகவும், ஒப்படைக்கும் களஞ்சியங்களில் ஒன்றேனும் மட்டக்களப்பு அல்லது அம்பாறை மாவட்டத்தில் அமைந்ததாகவும் இருத்தல் வேண்டும். முழு விலையையும் முன்கூட்டியே செலுத்தும் ஒப்பந்த வகையும் அதில் இடம்பெறல் வேண்டும். தனியொருவர் கைவசம் வைத்திருக்கக்கூடிய ஒப்பந்தங்களுக்கான உச்சவரம்பு சட்டத்திலேயே விதிக்கப்பட்டு, அதைத் தளர்த்துமாறு கோருபவரே அதற்கான காரணத்தை நிரூபித்தல் வேண்டும். விவசாயிக்கான விலக்கு கமநல சேவை நிலையத்தில் பதியப்பட்ட வயலளவின்படியும், ஆலைக்கான விலக்கு வாராந்தம் அறிவிக்கப்பட்ட இருப்பின்படியும் கணிக்கப்படல் வேண்டும். விலைக் கட்டுப்பாடு, இறக்குமதி ஆகியவை தொடர்பான அரச தீர்மானங்களை முன்னறிந்து வணிகம் செய்வது தண்டனைக்குரிய குற்றமாக்கப்படல் வேண்டும். சந்தையை நிறுத்தும் கட்டளை காரணத்தையும் கால எல்லையையும் கொண்டிருப்பதுடன், நடப்பிலுள்ள ஒப்பந்தங்களை முடிக்கும் விலையைக் கணிக்கும் முறை சட்டத்தில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.”

பெரியவரிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். களஞ்சியம் நம் மாவட்டத்தில் என்ற வரிக்கு மட்டும் தலையாட்டியதாக அவருடைய மகன் சொன்னார்.


கறுப்புக்கோட்டு, மட்டக்களப்பு நகர்

வரைவு நன்று. ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். வயலளவின்படி விலக்கு என்ற இடத்தில் உரிமையாளர் என்று எவரும் வாசித்துவிடாமல் ‘அந்தப் போகத்தில் பயிரிடுபவர்’ என்று சேருங்கள். குத்தகைக்கு எடுத்துச் செய்பவர்கள்தான் நம் வட்டைகளில் அதிகம். விலை விழுந்தால் முதலில் அடிபடுபவர்களும் அவர்களே. பந்தயமாகாது என்ற வாசகத்தையும் முதல் வரிக்குப் பின்னால் போட்டுவிடுங்கள். அது அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் செய்யப்படும் ஒப்பந்தத்துக்கு மட்டும் பொருந்தும் என்று எழுதினால், வெளியே தரகர்கள் கைக்கணக்கில் நடத்தும் விலைப்பந்தயம் பாதுகாப்புப் பெறாது.